வேளாண் அலுவலகப் பணியும் நிதிக் குறைப்பும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தின் வேளாண் சார்ந்த அலுவலகங்களில், கணக்குப் பிரிவிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பின்னும் தொலைபேசி ஓயவில்லை. நிதிநிலை அறிக்கை வரும் மாதங்களிலும், ஒப்பந்தங்கள் முடியும் நிதியாண்டின் இறுதியிலும் அழைப்புகள் கூடுகின்றன. கேட்பவர் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விடைகளில் ஒரு பிடிவாதம் இருக்கும்: நிதிக் குறைப்பு ஓர் ஊழியரை எப்படித் தொடும் என்பதை அவருடைய பதவியின் பெயர் தீர்மானிப்பதில்லை; அவருடைய சம்பளப் பட்டியல் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

வேளாண்மை ஆபீஸ்னா எல்லாம் ஒண்ணுதானே சார்? எதுக்கு ஆளுக்கொரு விதமா சம்பளம் வருது?

உழவரின் கண்ணுக்கு எல்லாரும் ‘ஆபீசர்’தான். கணக்கில் அப்படியில்லை. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருக்கும் உதவி வேளாண்மை அலுவலரும் வேளாண்மை அலுவலரும் மாநில அரசின் காலமுறை ஊதியத்தில், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பள விகிதத்தில், இருப்பவர்கள். அதே கட்டடத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரும் உதவித் தொழில்நுட்ப மேலாளரும் ‘அட்மா’ எனப்படும் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமையின் ஒப்பந்தப் பணியாளர்கள்; அவர்களுடைய தொகுப்பூதியம் ஒன்றிய அரசும் மாநில அரசும் பங்கிட்டுத் தரும் திட்ட நிதியிலிருந்து வருகிறது.

சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் (கே.வி.கே.) இருப்பவர்களுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பணம் தருகிறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேலை வாங்குகிறது. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஏற்காட்டில் உள்ள காபி வாரிய அலுவலகம் வேளாண் அமைச்சகத்தின் கீழேயே இல்லை. அது ஒன்றிய வணிகம், தொழில் அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விற்பனைக் குழு ஊழியருக்கோ சந்தைக் கட்டணத்தில்தான் சம்பளம். இத்தனை குழாய்களில் எது அடைபட்டாலும், அந்தக் குழாயில் இருப்பவருக்கு மட்டுமே தண்ணீர் நிற்கும்.

வருஷா வருஷம் விவசாய பட்ஜெட் கூடுதுன்னு பேப்பர்ல போடறாங்க. அப்புறம் எங்க ஆபீஸ்ல ஏன் ஆளே இல்லை?

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்ட் 14 அன்று முதன்முறையாக வைக்கப்பட்டது. அந்த அறிக்கையின் மொத்தத் தொகையில் கூட்டுறவு, கால்நடை, நீர்வளம் போன்ற பல துறைகளின் செலவும், உழவர்களின் இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குச் செல்லும் மானியமும் அடங்கும். தலைப்புச் செய்தியில் வரும் பெரிய எண் வேறு, மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ‘சம்பளங்கள்’ என்ற வரியில் நிற்கும் எண் வேறு.

ஒன்றிய அரசிலும் இதே கதைதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் வேளாண்மை, உழவர் நலத் துறைக்கு ஏறத்தாழ 1.27 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 63,500 கோடி ரூபாய் ‘பி.எம். கிசான்’ என்ற ஒரே திட்டத்துக்கு. ஆண்டுக்கு 6,000 ரூபாயை உழவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் திட்டம் அது. உழவருக்குப் பணம் போவதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் பாதித் தொகை நேராக வங்கிக்குப் போகும் கட்டமைப்பில், வயலுக்குப் போய்ச் சொல்லித் தரும் மனிதருக்கான தேவை காகிதத்தில் சுருங்கிவிடுகிறது. பணம் போடக் கணினி போதும். பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு வருபவருக்கு விடை சொல்லத்தான் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு எந்த வரியிலும் தனியாக ஒதுக்கீடு கிடையாது.

சிக்கன நடவடிக்கைன்னு ஆர்டர் வந்தா முதல்ல எதுல கை வைப்பாங்க?

யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அது கடைசி. முதலில் போவது பயணச் செலவு, வாகன எரிபொருள், பயிற்சி, எழுதுபொருள். கொரோனா காலத்தில் 2020 மே மாதம் மாநில அரசு பிறப்பித்த சிக்கன ஆணையில் அலுவலகச் செலவு 20 விழுக்காடு குறைக்கப்பட்டது, பயணங்கள் கட்டுப்படுத்தப்பட்டன, புதிய பணியிடங்களை உருவாக்கத் தடை விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதமே ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக்கும் வசதி நிறுத்தப்பட்டது; ஓராண்டுக்கு என்று தொடங்கிய அந்த நிறுத்தம் நீண்டுகொண்டே போய், 2025 அக்டோபர் 1 முதல்தான் 15 நாள் வரை மீண்டும் கிடைத்தது. அகவிலைப்படி உயர்வும் அப்போது முடக்கப்பட்டிருந்து, 2022 ஜனவரியில்தான் 17 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாக உயர்ந்தது.

பயணச் செலவைக் குறைப்பது சமவெளியில் ஒரு தொல்லை, மலையில் அது வேலையையே நிறுத்துவதற்குச் சமம். வீரபாண்டியிலோ அயோத்தியாப்பட்டணத்திலோ ஓர் அலுவலர் தம் சொந்த இருசக்கர வண்டியில் நான்கு கிராமங்களைச் சுற்றி வந்துவிடலாம். சேர்வராயன் மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிய பிறகு, நாகலூருக்கும் மாரமங்கலத்துக்கும் செம்மநத்தத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். பேருந்து இருக்கும் நேரத்தில் உழவர் தோட்டத்தில் இருப்பார், உழவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் பேருந்து இருக்காது. பயணப்படிப் பட்டியல் ‘ஒதுக்கீடு இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால், மலையில் இருப்பவர் தம் சம்பளத்திலிருந்து பெட்ரோல் போடுவார், அல்லது அலுவலகத்திலேயே அமர்ந்திருப்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினர் நான் எண்ணியதைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

காலியிடத்தை நிரப்பாமயே வெச்சிருக்காங்களே, அதுவும் பட்ஜெட் வெட்டுதானா?

ஆம். வெட்டிலேயே சத்தமில்லாதது அதுதான். ஒருவர் ஓய்வு பெறும்போது நாற்காலி அங்கேயே இருக்கும், பெயர்ப்பலகை மட்டும் போய்விடும். வேலை ‘முழுக் கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் பக்கத்து வட்டாரத்தவர் தலையில் ஏறும். சேலம் மாவட்டத்தில் 20 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அவற்றில் இரண்டைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலர், வாரத்தில் பாதி நாளைக் கூட்டங்களுக்கும் பாதி நாளைப் பாதைக்கும் கொடுத்துவிட்டு, வயலுக்கு எஞ்சிய நேரத்தில் போவார்.

இதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. 2001 நவம்பரில் மாநில அரசு பிறப்பித்த 212-ஆம் எண் அரசாணை புதிய நியமனங்களைத் தடை செய்தது; 2006-இல்தான் அது விலக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை சேரவே இல்லை. பிறகு 2020-இல் ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அனுபவம் உள்ளவர் இன்னும் ஈராண்டு இருப்பது நல்லதுதான். ஆனால் ஓய்வுக்காலப் பணத்தை ஒரே நேரத்தில் தரும் சுமையை அரசு தள்ளிவைத்தது என்பதும், கீழே பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர் இன்னும் ஈராண்டு காத்திருந்தார் என்பதும் அதே ஆணையின் மறுபக்கம்.

ஆள் குறைஞ்சா விவசாயிக்கு என்னங்க நட்டம்? இப்பத்தான் எல்லாம் போன்ல வந்துடுதே.

இந்தக் கேள்வியை ஊழியர்களின் உறவினர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுப்பூச்சியை நினைவுபடுத்துவேன். 2020 வாக்கில் இந்தியாவுக்குள் நுழைந்த அந்த வெளிநாட்டுப் பூச்சி, சேலம், நாமக்கல் மரவள்ளித் தோட்டங்களில் நுனிக் குருத்தைச் சுருட்டி விளைச்சலைக் கெடுத்தது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ‘அனாகிரஸ் லோபேசி’ என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் நிலையத்தில் வெளியிட்டது.

குளவியைக் கொண்டுவந்தது ஆராய்ச்சி. எந்தத் தோட்டத்தில் விடுவது, விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள் என்று யார் போய்ச் சொல்வது, அடுத்த மாதம் போய் எண்ணிப் பார்ப்பது யார் என்பதெல்லாம் விரிவாக்கம். செல்பேசிச் செயலி எச்சரிக்கை அனுப்பும்; மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் உழவரைத் தடுத்து நிறுத்தாது.

அட்மாவுல இருக்கேன் சார். ரெண்டு மாசம், மூணு மாசம் சம்பளமே வர்றதில்லை. நிதியே இல்லைன்னு அர்த்தமா?

பெரும்பாலும் நிதி இருக்கும், ஆனால் உங்கள் கணக்குக்கு வந்திருக்காது. ‘ஒதுக்கீடு’ என்பது ஒரு வாக்குறுதி. ‘விடுவிப்பு’ என்பதுதான் பணம். அட்மா 1998-இல் ஏழு மாநிலங்களின் 28 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2005-06 முதல் நாடு முழுவதும் விரிந்தது. முன்பு ஒன்றிய அரசு 90 பங்கும் மாநிலம் 10 பங்கும் தந்தன. 2015-16 முதல் அது 60-க்கு 40 ஆனது. அதாவது, ஓர் ஆண்டில் மாநிலம் தன் கையிலிருந்து எடுக்க வேண்டிய பங்கு நான்கு மடங்காயிற்று. இரு பங்கும் வந்து சேர்ந்தால்தான் பட்டியல் போட முடியும் என்பதால், ஒரு பக்கம் தாமதித்தாலும் மறுபக்கப் பணம் பயன்படாமல் நிற்கும்.

2021 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் பங்குத் திட்டங்களுக்கு ‘ஒற்றை ஒருங்கிணைப்பு முகமை’ முறை வந்தது; அதாவது, ஒரு திட்டத்தின் பணம் முழுவதும் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும் முறை. அதற்கு முன் மாவட்டக் கணக்குகளில் பழைய மீதம் கொஞ்சம் கிடக்கும். தவணை தாமதமானாலும் அந்த மீதத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைச் சமாளித்துவிடுவோம். புதிய முறையில் அந்த மீதங்கள் மேலே திரட்டப்பட்டன. முந்தைய தவணையில் பெரும்பகுதியைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. பணத்தைச் சும்மா கிடத்தக் கூடாது என்ற நோக்கம் சரியானது. ஆனால் ஏதோ ஒரு மாவட்டம் சான்று தராமல் இழுத்தால், ஒழுங்காகத் தந்த மாவட்டத்தின் ஊழியருக்கும் சம்பளம் நிற்கிறது. காலமுறை ஊதியக்காரருக்கு மாதக் கடைசி நாளில் கருவூலம் வழியாகப் பணம் போய்விடும். அதே மேசையில் அதே வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளர் தீபாவளிக்குக் கடன் வாங்குவார்.

எங்க திட்டத்தோட பேரே இந்த வருஷ பட்ஜெட் புத்தகத்துல காணோம். ஒழிச்சுட்டாங்களா?

அவசரப்பட வேண்டாம். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை, வேளாண் அமைச்சகத்தின் பங்குத் திட்டங்களை ‘பி.எம். ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனா’, ‘கிருஷோன்னதி யோஜனா’ என்ற இரண்டு குடைகளின் கீழ் கொண்டுவந்தது. மொத்த உத்தேசச் செலவு 1,01,321 கோடி ரூபாய் என்று அறிவித்தது. அட்மா இப்போது இரண்டாவது குடைக்குள் ஒரு கூறு. பெயர் உள்ளே போயிருக்கும், திட்டம் இருக்கும். ஆனால் தனி வரி இல்லாத திட்டத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. கணக்கு பார்த்துப் பழகிய எனக்கு அந்த ஒரு வருத்தம் உண்டு.

பத்து வருஷத்துக்கு மேல ஒப்பந்தத்துலயே ஓடிடுச்சு. நிரந்தரம் கேட்க உரிமை இருக்கா?

உரிமை என்று நேராகச் சொல்ல முடியாது. வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. ஆனால், ஏற்பளிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்றத் தடையாணையின் துணையில்லாமல் பத்தாண்டுக்கு மேல் பணிபுரிந்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்தலாம், அதாவது நிரந்தரமாக்கலாம், என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அலுவலகங்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன.

2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் உள்ளிட்டோரை வரன்முறைப்படுத்த உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், உமாதேவித் தீர்ப்பை நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு எதிரான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று கண்டித்தது. அதற்கு முன்பே 2016-இல் பஞ்சாப் மாநில வழக்கொன்றில், நிரந்தர ஊழியருக்குச் சமமான வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சமாவது தர வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அட்மா பணியாளருக்கு இருக்கும் முட்டுக்கட்டை வேறு: உங்கள் பணியிடம் மாநிலத் துறையின் நிரந்தரப் பணியிடம் அன்று, திட்டத்தின் பணியிடம். ‘திட்டம் இருக்கும்வரை’ என்ற சொற்றொடர் நியமன ஆணையில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கறிஞரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

மார்ச்சோட என் ஒப்பந்தம் முடியுது, மே மாசம் பிரசவம். லீவு கிடைக்காதுன்னு சொல்றாங்க, நிஜமா?

சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். எதிர்பார்க்கும் பேறு நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சட்டப்படியான பேறுகாலப் பயனுக்கு உரிமை பிறந்துவிடுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி அந்தப் பயனை இடையில் நிறுத்த முடியாது என்று 2023 ஆகஸ்டில், ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விண்ணப்பத்தை ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வையுங்கள். நீட்டிப்பு வருகிறதா என்பது தனிக் கேள்வி; அதையும் இதையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

கே.வி.கே.ல இருக்கிறவங்க சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்டாஃபா, யுனிவர்சிட்டி ஸ்டாஃபா?

இந்தக் குழப்பம் 1974-இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. சம்பளத்துக்கான பணத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தருகிறது. பணியமர்த்தும் அதிகாரமும் பணிவிதிகளும் ஏற்று நடத்தும் நிறுவனத்தினுடையவை. சம்பளம் வரும்வரை இதில் சிக்கல் தெரியாது. ஓய்வூதியம், பணிக்கொடை என்று வரும்போது, அது யாருடைய சுமை என்பதில் நாடு முழுவதும் இரு தரப்பும் ஒருவரையொருவர் கை காட்டுகின்றன. ஒரு நிலையத்துக்கு ஏற்பளிக்கப்பட்ட 16 பணியிடங்களில் ஒரு பாடத்துக்கு ஒருவராகப் பொருள் வல்லுநர் ஆறு பேர். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று இடம் காலியானால், மாவட்டத்துக்கே அந்தப் பாடத்தில் ஆள் இல்லை என்று பொருள். பயிர்ப் பாதுகாப்பு வல்லுநர் இல்லாத ஆண்டில் மாவுப்பூச்சி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்காட்டுல காபி போர்டு முன்ன மாதிரி இல்லையே, என்ன ஆச்சு?

கொள்கை மாற்றம் ஓர் அலுவலகத்தை எப்படி மாற்றும் என்பதற்கு நம் மலையிலேயே இருக்கும் பாடம் இது. 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காபி வாரியம், தோட்டக்காரர் விளைவித்த காபியை ஒரே தொகுப்பில் சேர்த்து, ஏலம் விட்டு, தவணை தவணையாகப் பணம் கொடுத்துவந்தது. சேர்வராயன் மலையின் சிறு தோட்டக்காரருக்கும் பெரிய எஸ்டேட்டுக்கும் வாரியமே வாங்குபவர். ஆகவே எடை போட, தரம் பிரிக்க, கணக்கு எழுத, தவணை அனுப்ப எனப் பெரும் ஊழியர் படை தேவைப்பட்டது.

தாராளமயம் வந்ததும், 1992-இல் விளைச்சலில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் தாமே விற்றுக்கொள்ளலாம் என்றார்கள், பிறகு 50 என்றார்கள். 1996 செப்டம்பரில் முழு விளைச்சலையும் விரும்பியவருக்கு விற்கும் உரிமை எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் கிடைத்தது. தோட்டக்காரர் பலர் மகிழ்ந்தனர். அதே நாளில் வாரியத்தின் சந்தைப் பிரிவுக்கு வேலை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. பலர் விருப்ப ஓய்வில் சென்றனர், எஞ்சியவர்கள் ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய பிரிவுகளுக்குள் அடங்கினர். ஒருவரையும் திறமையின்மைக்காக அனுப்பவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்; அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சட்டம் தேவையற்றதாக்கியது. 2022-இல் 1942-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்ட வரைவு ஒன்றை வணிக அமைச்சகம் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டபோது, மலையில் மூத்தவர்கள் பதறியதற்கு இந்த நினைவுதான் காரணம். காபி விலை ஏறினால் அலுவலகம் தழைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. விலையின் பயன் தோட்டத்துக்குப் போகும். அலுவலகம் அமைச்சகத்தின் மானியத்தில் ஓடுகிறது.

மார்க்கெட் கமிட்டி ஆளுங்களுக்கும் இதே நிலைமைதானா?

அவர்களுடைய நிலை இன்னும் நேரடியானது. தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம் 1987-இன்படி, அறிவிக்கப்பட்ட விளைபொருளின் மதிப்பில் வணிகர் செலுத்தும் ஒரு விழுக்காட்டுக் கட்டணமே விற்பனைக் குழுவின் வருவாய். 2020-இல் வந்த மூன்று ஒன்றிய வேளாண் சட்டங்களில் ஒன்று, விற்பனைக் கூடத்துக்கு வெளியே நடக்கும் வணிகத்துக்கு எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்றது. உழவர் நலம் பற்றிய விவாதம் ஊரெங்கும் நடந்தபோது, விற்பனைக் கூட ஊழியர்கள் தங்கள் சம்பளக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது, நவம்பரில் நாடாளுமன்றம் அவற்றைத் திரும்பப் பெற்றது. பீகாரில் 2006-இலேயே விற்பனைக் குழுச் சட்டம் நீக்கப்பட்டு அமைப்பே கலைந்தது என்பதால், அச்சம் வெறும் கற்பனையும் அன்று.

ஃபார்மர் ஐடி, பயிர் சர்வே, ஆப் என்ட்ரின்னு வேலை கூடிட்டே போகுது. ஆள் கூடலையே, இதைக் கேட்க முடியாதா?

கேட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் அளவீட்டுக்கு ஆள் போதாமல் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பியபோது எழுந்த எதிர்ப்பை எல்லாரும் அறிவர். 2025 தொடக்கத்தில் உழவர் தனித்துவ அடையாள எண் பதிவு முகாம்கள் வந்தன. மே மாத இறுதியில் ‘உழவரைத் தேடி வேளாண்மை’ தொடங்கி, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் அதற்குப் போயின. வேளாண்மை, தோட்டக்கலை, விற்பனை ஆகிய துறைகளின் களப்பணியாளர்களுக்குக் கிராமங்களைப் பிரித்து, எல்லாத் துறை வேலையையும் ஒருவரே பார்க்கச் செய்யும் உழவர் அலுவலர் தொடர்புத் திட்டம் 2.0-ஐச் சங்கங்கள் எதிர்த்தன.

இதில் என் கருத்து சற்று மாறுபடும். ஒரே ஆள் உழவரின் எல்லாப் பயிருக்கும் பொறுப்பு என்பது உழவருக்கு வசதிதான். வாழப்பாடியில் பாக்கும் மரவள்ளியும் ஒரே தோட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் காலியிடத்தை மறைப்பதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்தால், அது மூன்றாம் கேள்விக்கு அடுத்து நான் சொன்ன ‘கூடுதல் பொறுப்பு’ நிரந்தரமாவதன்றி வேறில்லை. ஏற்காட்டில் மிளகும் காபியும் பார்த்துப் பழகியவரை நெல் விதைச் சான்று பார்க்கச் சொன்னால், அவருக்கு ஒரு பருவமாவது பயிற்சி வேண்டும். பயிற்சிக்கான ஒதுக்கீடுதான் முதலில் வெட்டப்பட்டதாயிற்றே.

அமெரிக்காவுல விவசாயத் துறை ஆளுங்களை ஒரே நாள்ல அனுப்பிட்டாங்களாமே, இங்கயும் அப்படி ஆகுமா?

2025 பிப்ரவரியில் அமெரிக்க வேளாண் துறையில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டது உண்மை. மார்ச்சில் அங்குள்ள பணியாளர் முறையீட்டு வாரியம் அவர்களைத் தற்காலிகமாக 45 நாட்களுக்குத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஊதியத்தோடு சில மாதம் இருந்துவிட்டு விலகும் திட்டத்தை 15,000-க்கும் மேற்பட்டோர் ஏற்றுக்கொண்டனர். ஜூலையில் தலைநகர்ப் பணியாளர்களில் பெரும்பாலோரை ஐந்து நகரங்களுக்கு மாற்றும் திட்டமும் வந்தது.

இங்கே காலமுறை ஊதிய அரசு ஊழியரை அப்படி அனுப்ப, அரசியல் சாசனத்தின் 311-ஆம் பிரிவு எளிதில் இடம் தராது. ஒப்பந்தப் பணியாளருக்கோ நீக்க ஆணையே தேவையில்லை; நீட்டிப்பு ஆணை வராமல் இருந்தாலே போதும்.

அப்போ போராட்டம் பண்ணா?

2003 ஜூலையை மறக்காதீர்கள். வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை மாநில அரசு ஒரே வீச்சில் நீக்கியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டனர். 311-ஆம் பிரிவைப் பற்றி மேலே சொன்ன விடையை இந்த நினைவோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்கள் விடுப்பு எடுத்து ஆர்ப்பாட்டத்துக்குப் போவதாக இருந்தால், நீட்டிப்புக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

பையன் பி.எஸ்சி. அக்ரி முடிச்சிருக்கான். அட்மாவுல கூப்பிடறாங்க, சேர்க்கலாமாண்ணா?

சேர்க்கலாம், தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்பதை விடாமல் இருந்தால். களத்தில் ஈராண்டு நின்றவன் நேர்முகத்தில் பேசும் பேச்சே வேறாக இருக்கும். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்க வேண்டாம். நியமன ஆணை வந்ததும் மூன்றைப் பாருங்கள்: பணியமர்த்துவது அட்மா முகமையா, ஆள் அனுப்பும் வெளிமுகமை நிறுவனமா, ஒப்பந்தம் எத்தனை மாதம், வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா. வெளிமுகமை என்றால் மேலே சொன்ன வரன்முறை விவாதத்தில் உங்கள் பையனின் கால் இன்னும் ஒரு படி கீழே இருக்கும்.

திட்டமே முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. இப்ப தணிக்கைத் தடை என் பேருக்கு வந்திருக்கு. நான் என்ன பண்றது?

இதுதான் எனக்கு வரும் அழைப்புகளில் மிகக் கடினமானது. தணிக்கைத் தடை என்பது தணிக்கையர் கணக்கில் குறை கண்டு எழுப்பும் ஆட்சேபம். நிதி நின்றுபோன திட்டத்தில் இலக்கு மட்டும் நிற்பதில்லை. ‘100 ஏக்கர் செயல்விளக்கம்’ என்ற இலக்குக்கு 60 ஏக்கருக்கே இடுபொருள் வந்திருக்கும், மீதி 40 ஏக்கர் அறிக்கையில் எப்படியோ ஏறியிருக்கும். ஆள் மாறிவிடுவார், கோப்பு மாறாது. தணிக்கையர் பதிவேட்டில் இருக்கும் கையொப்பத்தைத்தான் தேடுவார். ஓர் அலுவலகத்தில் நான் இருந்தபோது, வராத உரத்துக்கு இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கும்படி வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு ஓராண்டு யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தடை வந்துவிட்டால் முதலில் தணிக்கை அறிக்கையில் அது இருக்கும் பகுதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒதுக்கீட்டு ஆணை, விடுவிப்பு ஆணை இரண்டையும் எடுத்து, ஒதுக்கியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரு பத்திகளாக எழுதுங்கள்; பாதித் தடைகள் அந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும். இன்னும் பணியில் இருப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று: மாறுதலிலோ ஒப்பந்த முடிவிலோ வெளியேறும்போது, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பதிவேடுகளின் கடைசிப் பக்க எண்ணையும் கடைசி இருப்பையும் எழுதி, வாங்கிக்கொள்பவரின் ஒப்பத்தோடு ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். நிலுவையின்மைச் சான்றையும் அதே நாளில் கேளுங்கள்; அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள், அன்று மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.